காலையில் மட்டும் ஆடிய வண்டி

"மேஸ்திரி, வெளிய வாங்க. ஒங்க சிமெண்டுத் தரைய நான் மிதிக்க மாட்டேன்."

ஒரு பஸ்ஸின் கியர் பெட்டியைப் பிரித்துச் சாக்கின்மேல் பரப்பி வைத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஷெட்டு வாசலில் ஆரோக்கியத்தம்மாள். காண்ட்ராக்டர் லாரியை ஓட்டும் சூசை அண்ணனின் மனைவி. தனியாக வரவில்லை. புருஷனை மணிக்கட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆறடி ஆளான சூசை அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். அப்போதே எனக்குக் கோபம். வேலை நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் அப்படித்தான். என் மருமகளைக் கேட்டால் சொல்வாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கை நடுங்குதுன்னு முதலாளிகிட்டச் சொன்னது நீங்கதானே?"

"நான் அப்புடிச் சொல்லலம்மா. வண்டியில கோளாறு இல்ல, ஓட்டுறவரு கையத்தான் பாக்கணும்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். இந்தா பாருங்க." சூசை அண்ணனின் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார். "இன்னிக்கிக் காலையில கத்தியிலதான் சவரம் பண்ணாரு. பிளேடு இல்ல, கத்தி. எங்கிட்டாச்சும் ஒரு கீறல் இருக்கா சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் பார்த்தேன். கன்னம், மோவாய்க்குக் கீழே இருக்கும் குழி, தொண்டை மேடு எல்லாம் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. படிகாரக் கல் வாசனை அடித்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"விடு ஆரோக்கியம், போவோம்," என்றார் சூசை அண்ணன்.

"போவோம். அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், போவோம்."

"வேலை கெடக்கு" என்று முனகிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குப் பிற்பகல் முழுக்க அந்தக் கியர் பெட்டியில் ஒரு நட்டுகூட ஒழுங்காக ஏறவில்லை. விடிந்ததும் தன் தொண்டையில் கத்தி வைக்கிற கை, அரை மணி கழித்து ஸ்டீயரிங்கில் எப்படி நடுங்கும்?

ஏலத்தில் வந்த வண்டி

அந்த லாரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். யுத்தத்துக்குப் பிறகு ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலத்தில் வாங்கி, கைமாற்றிக் கைமாற்றி ஓட்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர்க் காண்ட்ராக்டர் ஒருவர், எல்லாரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம், அப்படி ஒரு லாரியை மெட்ராஸ் பக்கமிருந்து கொண்டுவந்தார்.

கொண்டுவந்த அன்று சீட்டுக்கு அடியில் ஒற்றைப் பூட்ஸும், திறக்காத ஒரு மீன் டின்னும் இருந்தன. பூட்ஸை முதலாளி வீட்டு நாய் எடுத்துக்கொண்டது. டின்னைத் திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அது என் ஷெட்டு ஜன்னலில் வெகுநாள் ஆணி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

சாதாரண லாரிக்குப் பின் வீல்தான் இழுக்கும். இந்த வண்டியில் ஒரு கம்பியைத் தள்ளினால் முன் வீலும் சேர்ந்து இழுக்கும். மற்ற வண்டிகள் புதைந்து நிற்கிற இடத்தில் இது உறுமிக்கொண்டு போகும். அதனால்தான் கண்மாய் தூர் எடுக்கிற வேலைக்கு இதை முதலாளி வைத்துக்கொண்டார். விடிந்ததும் ஊர் எல்லையில் காத்திருக்கும் நாற்பது ஆட்களை ஏற்றிக்கொண்டு திருச்சி ரோட்டில் நார்த்தாமலைப் பக்கம் போகும். பகலெல்லாம் கண்மாய்க்குள் வண்டல் சுமக்கும். பொழுது சாய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும்.

அந்தக் கண்மாய்க்கு வேலை மாறிய பிறகுதான் வண்டி ஆட ஆரம்பித்தது. முப்பது மைல் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறும். அதன் ஆரத்துக்குள் கையை விட்டால் விரல் போய்விடும். வேகத்தைக் குறைத்தால் அடங்கும்.

சூசை அண்ணன் நாலு தடவை என்னிடம் கொண்டுவந்தார். நானும் சும்மா இருக்கவில்லை. முதல் தடவை, இரண்டு முன் வீலையும் சேர்த்துப் பிடிக்கும் கம்பியின் முனைகளை மாற்றினேன். அடுத்த தடவை பேரிங்கை இறுக்கினேன். மூன்றாவது தடவை, வீல் திரும்புகிற கிங் பின் இரண்டையும் புதிதாகக் கடைந்து போட்டேன். நாலாவது தடவை முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் நானே திருச்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. வண்டி துளி ஆடவில்லை.

"காலையிலதான் மேஸ்திரி ஆடுது. சாயந்தரம் ஆடல," என்று சூசை அண்ணன் சொல்லத்தான் செய்தார்.

நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். காலையில் கை நடுங்குகிற டிரைவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முந்தின ராத்திரி எங்கே இருந்தார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை. சூசை அண்ணன் ஆவூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. அவர் வாயில் சாராய வாடையை நான் ஒரு நாளும் கண்டதில்லை. இருந்தும் அப்படி நினைத்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, ஆள் நிறைந்த வண்டி ரோட்டில் போகும்போது உதற ஆரம்பித்து, சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் பள்ளத்தில் இறங்கி, ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றது. சின்னப்பொண்ணு என்கிற சித்தாளுக்கு இடது கை ஒடிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. புளியமரம் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வண்டி ஐந்தாவது தடவையாக என்னிடம் வந்தது. வளைந்ததை நிமிர்த்தி, முழுசாகப் பார்த்து, ஓட்டினேன். ஆடவில்லை. முதலாளி தன் ஆட்களோடு வந்து கேட்டார். எல்லார் முன்னிலையிலும்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்: வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டுகிறவர் கையைப் பாருங்கள்.

அன்றோடு சூசை ஓட்டுகிற வண்டியில் ஏறமாட்டோம் என்று ஆட்கள் சொல்லிவிட்டார்கள். கண்மாய்க்கரையிலேயே அடுப்பு மூட்டித் தங்கிக்கொண்டார்கள். முதலாளி, வருகிற திங்கட்கிழமை திருச்சியிலிருந்து வேறு டிரைவர் வருவதாகவும், அதுவரை சூசை வெறும் வண்டியை ஓட்டி மண் சுமக்கலாம் என்றும் சொன்னார். சூசையின் லைசென்ஸை ரத்துப் பண்ணச் சொல்லி எழுதப் போவதாகவும் சொன்னார். லைசென்ஸ் போனால் சூசை அண்ணனுக்கு வேறு தொழில் கிடையாது. அவருக்கு ஐம்பது வயது.

மழை பெய்த மறுநாள்

ஆரோக்கியத்தம்மாள் வந்துபோனது வியாழக்கிழமை. அன்று சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு சின்னப்பொண்ணு வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மற்றக் கையால் அவள் கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும்.

"வாங்க மேஸ்திரி. கைய ரிப்பேர் பாக்க வந்தீங்களா? ஓட்டிப் பாத்துட்டு ஆடலன்னு சொல்லிருவீங்களே."

அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டேன். எனக்கு அது வேண்டியதுதான்.

"நீங்கல்லாம் தெனம் பின்னால ஒக்காந்து போறீங்கல்ல, வண்டி எப்ப ஆடுது, எப்புடி ஆடுதுன்னு சொல்லும்மா," என்றேன்.

"போறப்ப ஆடும். வர்றப்ப தூங்கிக்கிட்டே வருவோம். திங்கக்கெழமை போறப்பதான் ரொம்ப மோசம். ஞாயித்துக்கெழமை லீவு விட்டுப் போறோம்ல."

இதைக் கேட்டதும் என் பழைய சந்தேகம் மறுபடி தலையைத் தூக்கியது. ஞாயிற்றுக்கிழமை லீவு, திங்கட்கிழமை நடுக்கம். எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். அவள் தானாகவே தொடர்ந்து சொன்னாள்.

"நடுவுல ஒரு நா ஆடல. விடிய விடிய மழை ஊத்துச்சே, அதுக்கு மறுநா. தொட்டில்ல போற மாதிரி போச்சு வண்டி. வேகமாத்தான் போனாரு. நாங்ககூடப் பேசிக்கிட்டோம், அண்ணனுக்கு இன்னிக்கு என்ன குஷின்னு."

நான் உட்கார்ந்துவிட்டேன். மழை பெய்தால் சாராயம் குடிக்கிறவன் குடிக்காமல் இருக்கமாட்டான். கூடத்தான் குடிப்பான். கை நடுங்குகிறவனுக்கு மழையால் நடுக்கம் தீராது. மழை நனைத்தது சூசை அண்ணனை இல்லை, வண்டியை.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் மிகை. நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் இதைக் கண்டுபிடிக்காமல் அந்த ஷெட்டுக்குள் இனி ஸ்பேனரைத் தொடுவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டேன். திங்கட்கிழமை புது டிரைவர் வந்துவிடுவான். வண்டி அவன் கையிலும் ஆடும். பாலம் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் புளியமரம் நடுவில் வந்து நிற்காது.

வெள்ளிக்கிழமை காலையில் பைத்தியக்காரத்தனமாக ஒன்று செய்தேன். ஷெட்டில் கிடந்த ஒரு பழைய லாரியின் முன் அச்சில் நாலு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு எதிரே குந்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புக்கு மழை என்ன செய்யும்? துரு பிடிக்க வைக்கும். அதையும் ஒரே ராத்திரியில் செய்யாது. தண்ணீர் சொட்டி முடிந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நார்த்தாமலைக்குக் கிளம்பினேன். பத்துப் பன்னிரண்டு மைல், எதிர்க்காற்று.

கண்மாய்க்குள்

கண்மாய் பெரியது. எல்லா இடமும் வறண்டு வெடித்திருக்க, மடைக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வண்டி உள்ளே போகிற பாதை அதன் ஓரமாகத்தான். சூசை அண்ணன் கம்பியைத் தள்ளி நாலு வீலையும் இழுக்க விட்டு அந்தச் சேற்றைத் தாண்டுவதைக் கரையில் நின்று பார்த்தேன். களிமண்ணை அப்படியே அள்ளி அடித்துக்கொண்டு வந்தது வண்டி. பகலெல்லாம் அப்படித்தான், போகவும் வரவும்.

இவ்வளவு சேற்றோடு நான் அந்த வண்டியைப் பார்த்ததே இல்லை. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

சாயங்காலம் சைக்கிளைப் பின்னால் போட்டுக்கொண்டு சூசை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்கு வந்தேன். வெறும் வண்டி. முப்பத்தைந்தில் போகச் சொன்னேன். ஆடவில்லை.

"நாந்தான் சொன்னேன்ல, சாயந்தரம் ஆடாது," என்றார். அதற்குமேல் ரோட்டையே பார்த்து ஓட்டினார். நான் சொன்னதற்கு அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அண்ணே, வண்டிய எப்பவும் போல நிறுத்திட்டுப் போங்க. காலையில நான் வாரேன். வந்து பாத்தப்பறம் எடுங்க."

"சரி."

என் ஷெட்டின் சட்டம்

சனிக்கிழமை. பலபலவென்று விடியும்போது முதலாளியின் கொட்டடியில், கூரையில்லாத வெளியில் நின்ற வண்டிக்குக் கீழே படுத்திருந்தேன். முன் அச்சை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிக்கொண்டே போனேன். கிங் பின் சரி. கம்பி சரி. ஸ்பிரிங் பட்டைகள் சரி. வலது வீலின் உள்பக்கம் கையை விட்டேன். ரிம்முக்குள் அடிப்பக்கத்தில் என்னவோ கெட்டியாக இடித்தது.

வண்டல். காய்ந்து கல்லாகிப்போன களிமண். என் முழங்கை நீளத்துக்கு, உள்ளங்கை மொத்தத்துக்கு, ரிம்மின் வளைவோடு வளைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே தடவினேன். மேலே ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம். கனம் எல்லாம் அடியில்.

இடது வீலுக்கு நகர்ந்தேன். அங்கேயும் அதே கதை.

அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டு யோசித்தேன். சாயங்காலம் சேறு ஈரமாக ரிம் முழுக்கச் சமமாக அப்பிக்கொண்டு வருகிறது. அதனால் ஆடவில்லை. வண்டி நின்றதும் ராத்திரியில் அது மெல்ல வழிந்து அடியில் இறங்கி, அங்கேயே காய்கிறது. காலையில் ஒரு பக்கம் கனத்த வீலோடு முப்பது மைல் வேகத்தில் போனால் உதறாமல் என்ன செய்யும்? கண்மாய்க்குள் போய்ச் சேற்றில் புரண்டதும் மறுபடி இளகிச் சமமாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை லீவில் இரண்டு ராத்திரி காய்ந்தால் திங்கட்கிழமை கட்டி இன்னும் இறுகி நிற்கிறது. விடிய விடிய மழை பெய்தால் கரைந்து போகிறது.

அப்படியானால் என்னிடம் ஐந்து தடவை வந்தபோது ஏன் இது என் கண்ணில் படவில்லை?

இங்கே என் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் ஒரு பஸ் ஷெட்டில் வேலை பார்த்தேன். மண் தரை. ஒரு நாள் ஒரு பேரிங்கிலிருந்து ஒரே ஒரு குண்டு உருண்டு சேற்றுக்குள் போய்விட்டது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்தச் சேற்றைப் பிசைந்து தேடினேன். கிடைக்கவில்லை. அந்த ஷெட்டுக்காரர் அறைந்த அறையில் இடது காது இரண்டு நாள் அடைத்துக்கொண்டது. நான் ஷெட்டுப் போட்டால் சிமெண்டுத் தரைதான் என்று அன்றைக்குச் சபதம் எடுத்தேன். போட்டேன். போட்ட நாளிலிருந்து ஒரு சட்டமும் போட்டேன். சேற்றோடு எந்த வண்டியும் உள்ளே வரக்கூடாது. வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு தடவை ஒரு மிராசுதாரின் காரையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

சூசை அண்ணன் சட்டத்தை மதிக்கிறவர். ஒவ்வொரு தடவையும் வண்டியைக் குளத்தில் இறக்கி, அடியில் படுத்து, ரிம்முக்கு உள்ளேயெல்லாம் குச்சியால் சுரண்டி, தேங்காய் நாரால் தேய்த்து, மாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்து நிறுத்துவார். கோளாறைக் குளத்தில் கழுவிவிட்டு வண்டியை மட்டும் என்னிடம் கொடுத்திருக்கிறார். அப்படிச் செய்யச் சொன்னது நான்.

இதோடு விடக்கூடாது என்று ஜாக்கியைக் கொடுத்து வலது வீலைத் தூக்கினேன். முன் வீலும் இழுக்கிற வண்டியாதலால் அது லேசில் தானாகச் சுற்றாது. உள்ளே பல் பிடித்துக்கொள்ளும். நடு மூடியைக் கழற்றி அச்சை உருவிவிட்டு வீலைச் சுழற்றினேன். சுற்றிச் சுற்றி, முன்னும் பின்னும் ஆடி நின்றது. மண் கட்டி அடியில் இருந்தது. மறுபடி சுழற்றினேன். மறுபடியும் அடியில். ஏழெட்டுத் தடவை. என் ஷெட்டில் கழுவின வீலை இதே மாதிரி சுழற்றியபோது ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் நின்றது. அச்சைத் திரும்பப் பூட்டிவிட்டு முதலாளி வீட்டுக்கு ஓடினேன்.

கழுவாத வண்டி

முதலாளி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சேத்துக் கட்டியா அவ்வளவு பெரிய வண்டிய ஆட்டுது? முத்தையா, சூசைக்குப் பாவம் பாக்குறியா?"

"நீங்களே ஓட்டிப் பாருங்க முதலாளி. ஆடலன்னா எங்கிட்ட இனி வண்டி அனுப்ப வேணாம்."

அவர் நன்றாக ஓட்டுவார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

கொட்டடிக்குள் நுழைந்தோம். சூசை அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் குச்சியுமாக முன் வீலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். இடது வீல் பளபளவென்று இருந்தது. வலது பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, தொடாதீங்க!" ஓடிப்போய் வாளியை உதைத்துவிட்டேன். தண்ணீர் முதலாளியின் செருப்புவரை ஓடியது.

சூசை அண்ணன் எழுந்தார். அத்தனை நாள் அடக்கிவைத்த கோபம் அப்போதுதான் வந்தது அவருக்கு.

"என்ன மேஸ்திரி நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? முதலாளி வாரார்னு ஆள் வந்து சொல்றாங்க. அவரு ஏறுற வண்டிய இந்தக் கோலத்துல நிறுத்தச் சொல்றீங்களா? ஏற்கெனவே குடிகாரன்னு பேரு வாங்கிட்டேன். அழுக்கன்னும் வாங்கணுமா? சேத்தோட கொண்டாந்தா உள்ள விடமாட்டேன்னு சொன்னது நீங்கதானே?"

"நாந்தாண்ணே. அதுதான் தப்பு."

நடந்ததை அவருக்குச் சொன்னேன். நின்று கேட்டார். குச்சியைக் கீழே போடவில்லை. பிறகு குனிந்து, வலது வீலுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கையை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

"இத நானே எத்தன தடவ சொரண்டிப் போட்டிருக்கேன்," என்றார்.

ஒரு வீல் போய்விட்டது. மிச்சம் ஒரு வீல். அது போதுமா என்று எனக்கே சந்தேகம்தான். முதலாளி ஸ்டீயரிங்கில், சூசை அண்ணன் நடுவில், நான் ஓரத்தில். திருச்சி ரோட்டில் இறங்கினோம்.

இருபது. இருபத்தைந்து. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பதைத் தொட்டதும் கால்களுக்கடியில் தகரம் முனகியது. அடுத்த நொடி ஸ்டீயரிங் அவர் கையில் உதற ஆரம்பித்தது. கண்ணாடி, கதவு, என் பற்கள் எல்லாம் ஆடின. வண்டி ரோட்டின் வலப்பக்கம் இழுத்தது. முதலாளியின் கால் பிரேக்குக்குப் போவதைப் பார்த்தேன்.

"பிரேக்கு வேணாங்க," என்றார் சூசை அண்ணன். குரல் உயரவே இல்லை. "கால மட்டும் எடுத்துருங்க. கைய இறுக்காதீங்க, சும்மா புடிச்சுக்கங்க. அவ்வளவுதான். இப்ப அடங்கும் பாருங்க."

அடங்கியது. வண்டி ஓரத்தில் நின்றது. முதலாளி இறங்கிப் போய் வலது வீலைக் குனிந்து பார்த்தார். திரும்பி வந்தபோது முதல் கேள்வி சூசை அண்ணனிடம்தான் கேட்டார்.

"இதோடதான் தெனம் நாப்பது பேர ஏத்திக்கிட்டுப் போனியா?"

"வேகம் கொறச்சு ஓட்டுவேங்க. அன்னிக்கு எதுத்தாப்புல பஸ்ஸு வந்துருச்சு."

நான் கடப்பாரையால் கட்டியைப் பெயர்த்தேன். துண்டு துண்டாக விழுந்ததை முதலாளி கையில் எடுத்துக் கனம் பார்த்தார். திரும்பி அதே ரோட்டில் நாற்பதில் வந்தோம். அவர் ஒரு கையால் ஓட்டினார்.

"திங்கக்கெழமை நீயே வண்டிய எடு சூசை. திருச்சி ஆள வேணாம்னு சொல்லிர்றேன். லைசென்ஸ் விஷயமா எழுதவும் இல்ல ஒண்ணும்."

"நான் எடுக்குறேங்க," என்றார் சூசை அண்ணன். "அவுங்க ஏறணுமே."

திங்கட்கிழமை

கண்மாய்க்கரையில் தங்கியிருந்த ஆட்கள் சனிக்கிழமை வீடு திரும்பியிருந்தார்கள். திங்கட்கிழமை விடிகாலையில் ஊர் எல்லையில் எல்லாரும் மண்வெட்டியும் கூடையுமாக நின்றார்கள். லாரி வந்து நின்றது. சூசை அண்ணன் ஓட்டுவதைப் பார்த்ததும் ஒருவரும் நகரவில்லை. பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்று ஒருவர் சொன்னார்.

நான் இறங்கிப் போய் அவர்கள் முன்னால் நின்றேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை எனக்கு.

"வண்டியில கோளாறு இல்ல, அண்ணன் கைதான் நடுங்குதுன்னு சொன்னது நாந்தான். அவரு கை நல்லா இருக்கு. கோளாறு வண்டியிலதான் இருந்துச்சு, வீலுக்குள்ள காஞ்சு நின்ன சேத்துக் கட்டி. கழுவாம எங்கிட்டக் கொண்டாரக் கூடாதுன்னு நான் போட்ட சட்டத்தால அத நானே பாக்கல. ஒரு புள்ளைக்குக் கை ஒடிஞ்சதுக்கு நாந்தான் காரணம்."

பின்னாலிருந்து சின்னப்பொண்ணு முன்னால் வந்தாள். ஒடிந்த கையோடு ஏன் வந்தாள் என்று தெரியாது. வேடிக்கை பார்க்கத்தான் வந்திருப்பாள்.

"இப்பச் சரியாயிருச்சா மேஸ்திரி?"

"ஆயிருச்சு. காலையில ரெண்டு வீலையும் நாங்களே சொரண்டிட்டோம். இனிமே தெனம் சொரண்டுவாரு."

"நீங்களும் வாரீங்களா?"

"வாரேன்."

"முன்னாலயா, பின்னாலயா?"

நான் சூசை அண்ணன் பக்கத்து சீட்டைத்தான் நினைத்திருந்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின் பலகையைப் பிடித்து ஏறினேன். எனக்குப் பின்னால் இன்னொருவர் கூடையைத் தூக்கிப் போட்டு ஏறினார். அப்புறம் ஒவ்வொருவராக ஏறினார்கள். சூசை அண்ணன் இறங்கி வந்து, சின்னப்பொண்ணை நல்ல கைப்பக்கமாகப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார். அவளுக்கு அன்று வேலையே இல்லை. ஆனாலும் ஏறினாள்.

வண்டி ஊரைத் தாண்டியது. நான் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். பின்னால் நின்றால் ரோடு முழுசாகத் தெரிகிறது. முன்னால் உட்கார்ந்து ஐந்து தடவை ஓட்டிப் பார்த்தபோது இதெல்லாம் எனக்குத் தெரிந்ததில்லை. வேகம் கூடியது. இருபத்தைந்து. முப்பது என்று காதுக்குத் தெரிந்தது. வெற்றிலைப் பேச்சு, பிள்ளைகுட்டிப் பேச்சு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. அன்றைக்கு வண்டி சாய்ந்த புளியமரமும் அதன் பட்டை உரிந்த இடமும் வந்தன.

என் கணக்கு சரி என்று எனக்குத் தெரியும். ஏழெட்டுத் தடவை சுழற்றிப் பார்த்திருக்கிறேன். நாற்பதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இருந்தும் என் கண்கள் மூடிக்கொண்டன. வண்டி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

யாரோ என் புறங்கையைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தேன். சின்னப்பொண்ணு. பிடித்துக்கொள்ள அவளுக்குக் கையே இல்லை. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மற்றக் கையால்தான் என்னைத் தட்டினாள்.

"கம்பிய விடுங்க மேஸ்திரி," என்றாள். "பாலம் தாண்டிருச்சு."